வரிசையில் நின்ற பூதங்கள்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சர்க்கரையில் ஆரம்பித்து முழங்காலில் முடிகிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அதனால் இன்று மருந்து மாத்திரையை ஒதுக்கி வைத்துவிட்டு நெருப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று இருக்கிறேன். அடுப்பு நெருப்பு அல்ல. மந்திரவாதியின் கையிலிருந்து கிளம்பி ஒரே வீச்சில் ஒன்பது பூதங்களைப் பொசுக்குகிற நெருப்பு.

சிரம்பானில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சனிக்கிழமை மத்தியானங்களில் என் மகனும் அவனுடைய நண்பர்களும் கூடுகிறார்கள். ஆளுக்கொரு தாள், பென்சில், பல முகங்கள் வைத்த பகடைக்காய்கள். ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ இருந்துகொண்டு, தங்கள் முறை வரும்போது நான் இதைச் செய்கிறேன் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். நல்ல எண் விழுந்தால் சொன்னது பலிக்கும். போன மாதம் ஒரு சனிக்கிழமை பெரிய சண்டை. ஒரு பையனிடம் கூட்டத்தையே சேர்த்து அடிக்கிற மந்திரம் இருந்தது. ஒரு பெண் வில்லாளி. ஒரு முறைக்கு ஒருவனை மட்டும்தான் அடிக்க முடியும். அவள் முறை வரும்போதெல்லாம் அடிக்க ஆளே இல்லை. "அப்புறம் நான் எதுக்கு லா இங்க உக்காந்திருக்கேன்?" என்று பகடையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

சமையலறையில் தேநீர் கலக்கிக்கொண்டிருந்த நான் வெளியே வந்து, "பூதங்களை வரிசையா நிக்க வைக்காதீங்க" என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அப்பா, உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று மகன் கேட்டான். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

பெடாஸிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். எனக்குப் பதினைந்து வயது. மூன்றாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டு ஆண்டுக் கடைசி விடுமுறையில் இருந்தோம். இருந்தோம் என்றால் நானும் என் மாமா மகளும். ஒரே வயது, ஒரே வகுப்பு, தொழிலாளர் குடியிருப்பில் பக்கத்துப் பக்கத்து லயம். என் அம்மாவின் அண்ணன்தான் மாமா. தோட்டத்தில் மண்டோர் வேலை. பால்மரம் வெட்டுகிறவர்களை மேய்க்கிற வேலை என்று அவரே சொல்லுவார்.

அந்த விடுமுறையில் மாமா மகளுக்கு ஒரு தவணை வைக்கப்பட்டிருந்தது. நான்காம் படிவத்துக்குச் சிரம்பான் போக வேண்டும். அங்கே இங்கிலீசு இல்லாமல் காலம் தள்ள முடியாது என்று மாமாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். இவளுக்கு இங்கிலீசு வரவில்லை என்றால் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவள் அம்மாவான என் அத்தையோடு ரப்பர் மரத்தில் பால் வெட்ட அனுப்பிவிடுவது என்று மாமா முடிவு செய்திருந்தார். அவர் கொடுமைக்காரர் இல்லை. உண்மையிலேயே மகளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். "தெரியாத எடத்துல போயி முழிச்சுக்கிட்டு நிக்கிறதுக்கு, தெரிஞ்ச வேலைய செய்யட்டும்" என்பது அவர் நியாயம்.

இந்த நேரத்தில்தான் கிராணி வீட்டுக்குப் பெட்டி வந்தது. பெரிய கிராணி, அதாவது தோட்ட ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மூத்த மகன் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார். தங்கைக்கு அவர் அனுப்பிய பெட்டிக்குள் ஒரு மெல்லிய புத்தகமும் ஆறு பகடைக்காய்களும் இருந்தன. தங்கை ஆறாம் படிவம் எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தார். நாங்கள் அவரை அக்கா என்போம். இந்த விளையாட்டைத் தனியாக ஆட முடியாது, ஆள் வேண்டும். தோட்டத்தில் ஆள் என்றால் லயத்துப் பிள்ளைகள்தான். கிராணி வீட்டுப் பெண் லயத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடுவதை அவருடைய அம்மா ஒத்துக்கொள்ளமாட்டார். ஆகவே அக்கா, ஏழைப் பிள்ளைகளுக்கு இங்கிலீசு சொல்லிக் கொடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டார். புண்ணிய காரியம். அவர் அம்மா தட்டை வடைகூடச் சுட்டு அனுப்பினார்.

எங்கள் பக்கமும் அதையே சொன்னோம். "கிராணி வீட்டுப் புள்ள சும்மாவே இங்கிலீசு சொல்லித் தருதாம்ண்ணே" என்று என் அம்மா மாமாவிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். காலையில் அத்தையோடு போய் மங்கு துடைத்துக் கொடுக்க வேண்டும், மத்தியானம் வகுப்புக்குப் போகலாம் என்று மாமா மகளுக்கு உத்தரவானது. மங்கு என்பது மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணம். அவள் விரல் இடுக்கில் எப்போதும் காய்ந்த ரப்பர் ஒட்டியிருக்கும். வரும் வழியெல்லாம் அதை உருட்டி உருட்டி எடுத்துக்கொண்டே வருவாள்.

வகுப்பு நடந்தது கிராணி வீட்டுக் கார் கொட்டகையில். கார் பகலில் ஆபீசு முன்னால் நிற்கும், கொட்டகை காலியாக இருக்கும். சிமெண்டுத் தரையில் எண்ணெய்க் கறை. தகரக் கூரையில் மழை பெய்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. காற்று திரும்பினால் ஸ்டோர் பக்கமிருந்து உறைந்த ரப்பரான ஒட்டுப்பாலின் நாற்றம் வரும். இப்போதும் பழைய டயர்க் கடையைத் தாண்டிப் போனால் எனக்குப் பகடை உருட்டத் தோன்றும்.

அக்கா கதை சொல்வார். நாங்கள் மூன்று பேர் ஆடினோம். நான் மந்திரவாதி. உபதேசியார் மகன் காயத்துக்கு மருந்து போடுகிற சாமியார். அவனுடைய அப்பா எங்கள் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலில் ஜெபம் நடத்துகிறவர், ஆகவே அந்த வேடம் அவனுக்குத்தான் என்று பேச்சே இல்லாமல் முடிவானது. மாமா மகள் ஈட்டிக்காரி. நாங்கள் மூவரும் மூன்று சட்டைப் பொத்தான்கள். பூதங்களுக்கு ரப்பர் விதைகள். புள்ளி போட்டு, வழவழவென்று, ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. விதை பொறுக்கி வருவதும், அக்கா எண்ணிக்கை சொன்னதும் தரையில் எடுத்து வைப்பதும் என் பொறுப்பு.

அக்கா ஒரு சட்டம் வைத்தார். வீட்டில் சொன்ன பொய்யை முழுப் பொய்யாக விட அவருக்கு மனசில்லை. அவரவர் முறை வரும்போது என்ன செய்யப் போகிறோம் என்பதை இங்கிலீசில்தான் சொல்ல வேண்டும். "சொல்லும், நீர் என்ன செய்யப் போறீர்?" என்பார். எங்களுக்கு 'நீர்' என்பது ஜெபத்தில் ஆண்டவரை மட்டும் கூப்பிடுகிற சொல். முதல் நாள் நாங்கள் சிரித்த சிரிப்பில் உபதேசியார் மகனுக்கு வடை புரை ஏறிவிட்டது.

என்னிடம் நெருப்பு மந்திரம் இருந்தது. நெருப்பு எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு அக்கா ஒரு பிஸ்கட் டின் மூடியை அளவாகக் கொடுத்தார். அதை விதைகள் மேல் கவிழ்க்க வேண்டும். மூடிக்குள் அகப்பட்டதெல்லாம் செத்தது. எங்கள் பொத்தான் அகப்பட்டால் அதுவும் செத்தது. மாமா மகளின் ஈட்டிக்கு ஒரு முறைக்கு ஒரு விதை. நான் மூடியைக் கவிழ்ப்பேன், சிமெண்டில் டங்கென்று சத்தம் வரும். தூக்கிப் பார்த்தால் ஒன்பதும் காலி. அடுத்து அவள் முறை.

"நீர் என்ன செய்யப் போறீர்?"

அடிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தானே, ஏதாவது சொல்ல வேண்டும். "ஐ வெயிட்" என்பாள். காத்திருக்கிறேன். முதல் வாரம் முழுக்க அவள் பேசிய இங்கிலீசு அவ்வளவுதான். நானோ நெருப்பை எங்கே வீசுகிறேன், ஏன் வீசுகிறேன், பூதம் எப்படிக் கத்துகிறது என்று தப்பும் தவறுமாகப் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒண்ணு ரெண்டு விட்டு வையேண்டா" என்றாள் ஒரு நாள் திரும்பும் வழியில்.

"நான் என்ன செய்ய? நெருப்பு அப்படி" என்றேன்.

அக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கூட்டத்தை அடிக்கிறவனுக்கும் ஒருவனை அடிக்கிறவளுக்கும் தராசு சமமாக நிற்க வேண்டும் என்று புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு நாளைக்கு மூன்று நெருப்புதான் என்றார். ஒரு நாளைக்கு நாங்கள் போட்டதே மூன்று சண்டைதான். ஈட்டியின் பலத்தை இரண்டு மடங்காக்கினார். ஒரே குத்தில் சாகிற பூதத்தை இரண்டு மடங்கு பலத்தோடு குத்தினால் அது இரண்டு தடவை சாகுமா? அவளை முதலில் அடிக்க விட்டார். ஒன்றைக் குத்துவாள், மிச்சம் எட்டு என் மூடிக்குள். பிறகு ஒரு மங்கைக் கவிழ்த்து வைத்து, இது பெரிய அரக்கன், நெருப்பு இவன் தோலைக் கருக்கும், கொல்லாது, ஈட்டிதான் கொல்லும் என்றார். அன்றைக்கு மாமா மகள் எழுந்து நின்று பகடை உருட்டினாள். ஆனால் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நாளைக்கு விதை கொண்டு வரமாட்டேன் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அக்கா மறுநாள் பழையபடி கூட்டத்தையே கொண்டு வந்தார். அக்காவுக்கும் பதினெட்டு பத்தொன்பது வயதுதானே.

இப்போது யோசித்தால் அவர் தராசின் வேறு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிகிறது. யார் எவ்வளவு பலமாக அடிக்கிறார்கள் என்று கணக்குப் போட்டார். யாருக்கு எத்தனை தடவை முறை வருகிறது என்று போடவில்லை.

உண்மையான கோளாறு தரையில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது ஒரு கோழி.

மழை விட்ட ஒரு மத்தியானம். ஒன்பது விதைகளை வைத்துவிட்டு மூடியை எடுக்கக் கை நீட்டுகிறேன், கிராணி வீட்டுக் கோழி ஒன்று வடைத் துண்டுக்குப் பாய்ந்து, விதைகளையெல்லாம் கலைத்துவிட்டு ஓடியது. "அப்பிடியே இருக்கட்டும். பூதங்கள் ஓடிட்டுது" என்றார் அக்கா சிரித்துக்கொண்டு. விதைகள் எங்கள் பொத்தான்களுக்கு இடையிலெல்லாம் உருண்டு கிடந்தன. மூடியை எங்கே வைத்தாலும் ஒரு பொத்தான் உள்ளே அகப்பட்டது. கடைசியில் ஒரு மூலையில் இரண்டே இரண்டைத்தான் பொசுக்க முடிந்தது. மிச்சம் ஏழும் ஈட்டிக்கு. அவள் ஒவ்வொன்றாகக் குத்தினாள். எந்தப் பூதம், ஏன் அது, மரத்துக்குப் பின்னால் எப்படி ஒளிந்து போகிறாள், எல்லாவற்றையும் சொன்னாள். அதுவரை ஒரு மாதம் வாயே திறக்காதவளுக்கு அவ்வளவு சொற்கள் எங்கிருந்து வந்தன என்று நாங்கள் மலைத்துவிட்டோம். நான் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. நான் விதைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று, சம இடைவெளி. ரப்பர் மரம் நட்ட நெரையைப்போல. வேண்டுமென்று செய்ததில்லை. பிறந்ததிலிருந்து ஜன்னலைத் திறந்தால் நெரை, பள்ளிக்கூடத்துக்கு நடந்தால் நெரை, லயத்து வீடுகளும் நெரை. பத்துப் பொருளைக் கொடுத்து எடுத்து வை என்றால் எங்கள் கை தானாக அப்படித்தான் வைக்கும். அக்காவும் அங்கேயே வளர்ந்தவர், அவர் கண்ணுக்கும் அது உறுத்தவில்லை. இங்கிலாந்தில் புத்தகம் எழுதியவன், பூதங்களை யாராவது மரக்கன்று மாதிரி நட்டு வைப்பார்கள் என்று கனவிலும் நினைத்திருக்கமாட்டான்.

புரிந்த மறுநாள் நான் செய்ததை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. முந்தின நாள் வரை தெரியாமல் வைத்த வரிசையை அன்றைக்குத் தெரிந்தே வைத்தேன். மூடி டங்கென்று விழுந்தது. ஒன்பதும் செத்தன. மாமா மகள் தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐ வெயிட்" என்றாள். அதற்கப்புறம் இரண்டு வாரம் இப்படியே ஓடியது.

வீட்டில் ஒரு தடவை அவள் முறையிட்டிருக்கிறாள். எனக்குப் பேசவே முறை வரமாட்டேங்குது என்று. என் அம்மாதான் பதில் சொன்னார்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தக் கூடம் கோணலாக இல்லாததுதான் கோளாறு என்று எனக்கு மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் ஜெபம் முடிந்து வாசலில் எல்லாரும் நின்றிருந்தார்கள். மாமா வெள்ளைச் சட்டையில், நல்ல மனநிலையில் இருந்தார். உபதேசியார் பக்கத்தில் நின்றார். "ஒரு மாசத்துக்கு மேல படிக்கிறீங்களே, என்னா கத்துக்கிட்டீங்க? சொல்லுங்க பாப்போம்" என்றார் மாமா. என்னிடம் முதலில் கேட்டார். நான் அவிழ்த்துவிட்டேன். இருட்டுக் குகை, பூதம், நெருப்பு. யாருக்கும் புரியவில்லை, ஆனால் இங்கிலீசு என்பது தெரிந்தது. உபதேசியார், "அடேயப்பா!" என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், பெருமையில்.

பிறகு மாமா தன் மகளிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

அவள் வெளிறிப்போய் நின்றாள். இத்தனை பேர் பார்க்க, உள்ளே இருந்த சொற்கள் எதுவும் வெளியே வரவில்லை. கடைசியில் வாயில் பழகியது வந்தது.

"ஐ வெயிட்."

"என்னா சொல்றா?" என்றார் மாமா.

"காத்துக்கிட்டு இருக்காளாம்" என்றார் உபதேசியார்.

"யாருக்குடி காத்துக்கிட்டு இருக்க? மாப்பிள்ளைக்கா?" என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. மகள் தலையில் கையை வைத்து, "சரி விடு, வா" என்றார், அன்பாகத்தான். திங்கட்கிழமை மத்தியானம் அவள் கொட்டகைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

புதன்கிழமை நான் மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து சப்பாத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். "மாமா, அவளுக்கு இங்கிலீசு வரும். நான்தான் விதையை வரிசையா வச்சுட்டேன், அதனாலதான் அவளுக்கு முறை வரல" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார்.

"என்னாடா, இப்பவே மாமா மவளுக்கு வக்காலத்தா? மீசை மொளைக்கட்டும்டா மொதல்ல" என்றார். உள்ளே பார்த்து, "கேட்டியா இவன் பேச்ச?" என்று அத்தையிடமும் சொன்னார்.

அக்கா ஒரு நாள் தானே லயத்துக்கு நடந்து வந்து மாமாவிடம் பேசினார். கிராணி மகள் லயத்துக்கு வருவதென்றால் லேசான காரியமில்லை. மாமா எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார். அவ்வளவு மரியாதை. ஆனால் முடிவு மாறவில்லை. ஜனவரியில் நான் மட்டும் சிரம்பான் பஸ் ஏறினேன். அக்கா பிறகு மேல்படிப்புக்குப் போனார். அந்தப் பெட்டி, பகடைக்காய்கள், பிஸ்கட் டின் மூடி எல்லாம் எங்கே போயினவோ. அந்தத் தோட்டமே இப்போது பாதி எண்ணெய் எடுக்கிற செம்பனை, பாதி வீடமைப்பு.

மாமா மகள் ஆறு வருடம் பால்மரம் வெட்டினாள். அப்புறம் சிரம்பான் பக்கம் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் சேர்ந்து, சூப்பர்வைசராகி, ஓய்வும் பெற்றுவிட்டாள். இங்கிலீசு என்னைவிட நன்றாகவே பேசுவாள். அதற்கு எங்கள் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. இப்போது சி ரூசா என்கிற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன் அங்கே பேத்திக்கு ஞானஸ்நான விருந்து. என் மேசையில் நடந்த சண்டை மனசில் கிடந்ததால், சாப்பாட்டுக்குப் பிறகு அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாற்பது வருடமாக அடைகாத்ததைச் சொல்லிவிட்டேன். கோழி, வரிசை, தெரிந்தே வைத்தது, எல்லாம்.

அவள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பொறுமையாகக் கேட்டாள்.

"அதான் தெரியுமே" என்றாள். "மறுநாள் நீ கீழ வைக்கிறப்பவே பாத்தேன். அது போவட்டும் லா. வெளையாட்டுல யாருதான் தோக்கணும்னு நெனைப்பாங்க? நானா இருந்தாலும் அப்படித்தான் வச்சிருப்பேன்."

எனக்கு மூச்சு லேசாகிற மாதிரி இருந்தது.

"ஆனா அன்னிக்கு கோயில் வாசல்ல எல்லாரும் சிரிச்சாங்க பாரு" என்றாள், குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தபடி. "எனக்கு வேற யாரையும் பாக்கத் தோணல. உன்னத்தான் பாத்தேன். நீ ஏதாச்சும் சொல்லுவேன்னு. நீயும் சிரிச்ச."

சிரித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மேலே எழுதும்போது எல்லாரும் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறேன். அந்த எல்லாரில் நானும் ஒருவன் என்று எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்தக் கிழவர் சொன்னதற்கு முதலில் சிரித்தவனே நான்தான்.

மன்னிச்சிரு என்றேன். வெயில் படுகிறது என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.